கட்டுச்சோறு ஏற்றிய கார்

கொழிஞ்சாம்பாறை
10 செப்டம்பர் 2025

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா கூப்பிட்டால் போனை எடுக்கிறாய். நான் கூப்பிட்டால் மணியே அடிப்பதில்லை. என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று நஞ்சப்ப மாமா சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. அதனால் தபாலாபீசில் கவர் வாங்கி எழுதுகிறேன். என் கையெழுத்து கோழிக்கிறுக்கல் என்று சின்ன வயதில் சிரிப்பாய். இப்போதும் அப்படித்தான் இருக்கிறது, பொறுத்துக்கொண்டு படி.

ஓணத்துக்கு முந்தின நாள் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஏழாம் மாதம் முடிவதற்குள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து, உனக்கு முறைப்படி விருந்து வைத்து, பிரசவத்துக்கு நம் வீட்டுக்குக் கூட்டிவரத்தான் விடிவதற்கு முன்னால் கிளம்பினோம். அம்மா, பெரியம்மாள் அத்தை, நஞ்சப்ப மாமா, நான். பின்னால் பித்தளைப் பாத்திரங்களில் ஐந்து வகைச் சோறு. பதினோரு மணி முகூர்த்தத்துக்குப் பத்து மணிக்கே வந்துவிடுவோம் என்று கணக்குப் போட்டிருந்தேன். வந்தபோது மூன்று மணி. அதுவும் கடைசி இரண்டு வளைவு எஸ்டேட் ஜீப்பில் கயிறு கட்டி இழுத்து. அந்த அவமானம் எனக்குத்தானே?

இந்தக் கரண்ட் கார் ஒரு தடவை சார்ஜ் போட்டால் நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்றான் கம்பெனிக்காரன். அதை அப்படியே நம்ப நான் விவரம் கெட்டவன் இல்லை. ஆடி மாதம் நானே பொள்ளாச்சிக்கு ஓட்டிப் பார்த்துக் கணக்கெடுத்தேன். அந்தக் கணக்கில் முந்நூறு வந்தது. இங்கிருந்து ஏலப்பாறை இருநூற்று நாற்பத்தைந்து. ஐம்பத்தைந்து மிச்சம். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன பார்க்க முடியும்?

நீ வரமாட்டேன், கட்டப்பனையிலேயே பிரசவம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். காரைக் காட்டியிருக்கிறேன். என்ன பழுது என்று தெரிந்ததும் எழுதுகிறேன்.

இப்படிக்கு
உன் அண்ணன்
மோகனசுந்தரம்

*

ஏலப்பாறை
17 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

காரில் ஒரு பழுதும் இருக்காது. காசைச் செலவழித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவள் என்பது உங்களுக்கு அடிக்கடி மறந்துவிடுகிறது. நீங்கள் ஓட்டிப் பார்த்தது சமவெளி. தொடுபுழா தாண்டினால் மலை. நான்கு ஆளும் பித்தளையும் ஏற்றிய காரை ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். அந்தத் தூக்கலுக்கு மட்டும் சமவெளியில் நாற்பது கிலோமீட்டர் ஓடுகிற சார்ஜ் போய்விடும். இதை நான் முன்கூட்டியே போனில் சொன்னேன். "தொடுபுழாவுல நிறுத்தி ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுட்டு ஏறுங்கண்ணா" என்றேன். "செரி அம்மிணி" என்றீர்கள். சரி என்றவர் ஏன் போடவில்லை?

எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். வேண்டுமென்றேதான் போடவில்லை. நான் சிவப்பிரகாஷைக் கட்டிக்கொண்டது உங்களுக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து நிறுத்துப் போட்டவர் வீட்டில் என் தங்கை என்று ஊரில் சொல்ல உங்களுக்குக் கூச்சம். அம்மா அழுதாள் என்று விருந்துக்கு ஒப்புக்கொண்டீர்கள். நேரத்துக்கு வந்து, இவர்கள் சொந்தக்காரர்களோடு பந்தியில் உட்காருவதைத் தவிர்க்க உங்களுக்கு அந்தக் கார் உதவியது.

அன்றைக்கு இங்கே எப்படி இருந்தது தெரியுமா? பதினொன்றுக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். பன்னிரண்டு ஆனது. மாமனார் ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஒன்றரைக்குச் சின்னக் குழந்தைகள் பசியில் அழ ஆரம்பித்ததும் என் மாமியார்தான் வீட்டில் இருந்ததைப் போட்டு எல்லோரையும் அனுப்பினார். போகும்போது ஒவ்வொருவரும் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். நீங்கள் வந்து இறங்கி, வாசல் பிளக்கில் வயரை மாட்டினீர்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. எர்த் இல்லை என்றீர்கள். "தம்பி, அடுப்படில ஒரு பிளக்கு கெடக்கு, அதுல எர்த்து உண்டு. வயர உள்ள வரைக்கும் இழுத்துக்கிடலாம். ராத்திரி இங்ஙனயே படுத்துட்டு, காலைல போலாம்லா" என்று மாமனார் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "இல்லீங்க, வேண்டாங்க" என்றீர்கள். அதோடு போனை எடுத்து லாரியைக் கூப்பிட்டீர்கள்.

என்னைக் கூட்டிப் போகத்தானே வந்தீர்கள்? நான் பை கட்டி வைத்திருந்தேன். உங்கள் கார் லாரியில் ஏறிப் போனது. அம்மாவும் மற்றவர்களும் வாடகை வண்டியில் போனார்கள். எங்கள் வீட்டில் கை நனைக்காமல் போன உங்களோடு நான் எப்படி வருவேன்? நான் பையை அவிழ்த்துவிட்டேன்.

செல்வப்பிரியா

*

கொழிஞ்சாம்பாறை
23 செப்டம்பர் 2025

அன்புள்ள அம்மிணிக்கு,

காரில் பழுது இல்லை என்றுதான் சொன்னார்கள். உன் வாய் முகூர்த்தம்.

ஆனால் வேண்டுமென்றே செய்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அது என்னைத் தின்கிறது. நடந்தது எல்லாவற்றையும் எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே சொல்.

கிளம்பியதிலிருந்தே மேல்காற்று எதிரில். நம் ஊர்க் காற்று உனக்குத் தெரியும், ஆவணியில் கொஞ்சம் தணியும் என்பார்கள், இந்த வருசம் தணியவில்லை. பாலக்காடு தாண்டும் வரை காற்றை முட்டிக்கொண்டுதான் போனோம். ஆடியில் நான் பொள்ளாச்சிக்குப் போனபோது அதே காற்று முதுகில் இருந்தது. அது தள்ளித்தான் முந்நூறு வந்திருக்கிறது. திரும்பி வரும்போது கணக்கெடுக்க எனக்குத் தோன்றவில்லை. வந்த எண்ணைக் கடைவீதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சார்ஜை மிச்சம் பிடிக்க ஏசியை நிறுத்திவிட்டு நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு நெடுஞ்சாலையில் ஓட்டினேன். அந்த வேகத்தில் கண்ணாடியை இறக்கினால் காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பிடித்து இழுக்கும், ஏசி போட்டதை விட மோசம் என்று பழுது பார்க்கிறவர் சொல்லித்தான் தெரியும். அத்தையின் தலைமுடி கலைந்ததுதான் மிச்சம்.

இனித் தொடுபுழா. நீ சொன்னதை நான் மறக்கவில்லை. சார்ஜ் போடும் இடத்துக்குள் வண்டியைத் திருப்பவும் செய்தேன். ஓண லீவுக்கு வாகமண் போகிற கார்கள் எனக்கு முன்னால் மூன்று நின்றன. இறங்கப் போனேன். அத்தை பிடித்துக்கொண்டாள். "ஏன்டா மோகனு, கட்டுச்சோத்து வண்டிய நடுவழியில நிறுத்திப்போட்டுப் போறவன் வாறவன் கண்ணெல்லாம் படோணுமா? புள்ளத்தாச்சிக்குக் கொண்டுபோற சோறு. எடுத்தா அவ ஊட்டு வாசல்லதான் எறக்கோணும்" என்றாள். நம் வீட்டுச் சாங்கியம் உனக்குத் தெரியாததா? அப்பா இருந்த காலத்தில் அத்தை பெண்ணுக்குக் கொண்டுபோனபோது டயர் பஞ்சராகியும் பாத்திரத்தைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தார்களாம். அம்மாவைப் பார்த்தேன். "அவ பசியோட காத்துட்டிருப்பா சாமி, போயிரலாம்" என்றாள்.

காரின் திரையில் இன்னும் எண்பது ஓடும் என்று காட்டியது. அங்கிருந்து உன் வீட்டுக்கு ஐம்பத்தைந்து. எண்பது பெரிதா ஐம்பத்தைந்து பெரிதா? நான் கிளம்பிவிட்டேன். காஞ்ஞாறிலிருந்து ஏற ஆரம்பித்ததும் அந்த எண்பது சரிந்த சரிவைப் பார்த்து வேர்த்துவிட்டது. ஒரு வளைவுக்கு இரண்டு, மூன்று என்று போகிறது. ஆளுக்கொரு யோசனை. நஞ்சப்ப மாமா, "வண்டி சூடாயிருச்சு மாப்ள, நெழல்ல போட்டு ஆத்தி எடு" என்றார். நானும் புள்ளிக்கானத்தில் ஒரு மரத்தடியில் நிறுத்தினேன். மாமா முன்பக்க மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றக் குடத்தைத் தேடினார். அரை மணி ஆறப்போட்டும் ஒரு எண் ஏறவில்லை. அதற்குப் பிறகு நடக்கிற வேகத்தில்தான் ஏறினோம். கடைசியில் அதுவும் நின்றது.

அத்தை சொன்னதையும் அம்மா சொன்னதையும் அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அம்மாவிடம் கோபித்துக்கொள்வாய் என்று, பழியைக் கம்பெனி மேல் போட்டேன்.

அடுப்படிப் பிளக்கைப் பற்றி எழுதியிருக்கிறாய். பழைய வீடு, பழைய வயரிங். ராத்திரி முழுக்க அவ்வளவு கரண்ட் இழுத்தால் சூடாகி ஏதாவது ஆகிவிட்டால்? அதனால்தான் லாரி.

உன் அண்ணன்
மோகனசுந்தரம்

*

ஏலப்பாறை
30 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நஞ்சப்ப மாமா குடத்தைத் தேடியதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். வயிற்றில் இருப்பது உதைத்தது. சிவப்பிரகாஷ் என்ன என்று கேட்டார், படித்துக் காட்டினேன். அவரும் சிரித்தார்.

பேட்டரியை நம்புகிறேன். காற்று, கண்ணாடி, ஏற்றம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. திரையில் காட்டிய எண்பதும் பொய் இல்லை. அதுவரை வந்த மாதிரியே இனிமேலும் ரோடு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கார் சொல்வது அது. மலை வரப்போகிறது என்பது அதற்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அத்தையிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் போதும். ஐம்பது ஏக்கர் பண்ணையம் பார்க்கிறீர்கள், அத்தை வாயைத் திறந்தால் மட்டும் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விடுகிறீர்கள்.

வேண்டுமென்றே தாமதித்தீர்கள் என்று எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அது என் அவசரம்.

லாரியை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை. எங்கள் அடுப்படிப் பிளக்கில்தான் ஈரமாவு அரைக்கிற கிரைண்டர் ஓடுகிறது. அந்த வயரிங் போன வருசம் மாற்றியது. நீங்கள் உள்ளே வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவே இல்லை. வாசலில் நின்றபடியே பழைய வயரிங் என்று முடிவு செய்தீர்கள்.

மாமனாரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். உங்கள் கார் வாசலுக்கு வந்ததும் அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? பிரிட்ஜையும் கிரைண்டரையும் பிடுங்கிவிட்டு, உங்களுக்குக் கரண்ட் குறையக் கூடாது என்று டிவியையும் நிறுத்தினார். முன்னறைக் கட்டிலில் புதுப் போர்வை விரித்தார். லாரி போன பிறகு அந்தப் போர்வையை மடித்து வைத்துவிட்டு, "பெரிய எடத்துப் பிள்ளைக. நம்ம வீடு கொஞ்சம் சின்னதுல்லா" என்று மட்டும் சொன்னார். உங்களைப் பற்றி ஒரு குறை பேசவில்லை. பேசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

உண்மையான காரணத்தை எழுத முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், போதும்.

அன்புடன்
செல்வி

*

கொழிஞ்சாம்பாறை
7 அக்டோபர் 2025

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நான்காம் நாள் காரை எடுத்துக்கொண்டு நெல்லியாம்பதிக்குப் போனேன். தனியாக இல்லை, நான்கு நெல் மூட்டையோடு. அம்மா இடத்தில் ஒன்று, மாமா இடத்தில் ஒன்று, அத்தை இடத்தில் ஒன்று. பாத்திரங்களுக்குப் பதிலாக ஒன்று பின்னால். மூட்டைக்குப் பெல்ட் போடவில்லை என்று கார் கத்திக்கொண்டே வந்தது. போத்துண்டி அணைக்கட்டில் நிறுத்தி மூன்று மூட்டைக்கும் பெல்ட் போட்டுவிட்டேன். வாட்ச்சர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனார்.

ஏற்றம் இருபது கிலோமீட்டர். கார் தின்றது அறுபது கிலோமீட்டருக்கான சார்ஜ். நீ சொன்ன கணக்கேதான். இறங்கும்போது காலை எடுத்துவிட்டால் கார் தானே பிடித்துப் பிடித்து இறங்குகிறது, சார்ஜ் ஏறுகிறது. மேலே போனதில் பாதிகூடத் திரும்பவில்லை, ஆனால் மூன்றில் ஒரு பங்கு திரும்பியது. கீழே வந்து அணைக்கட்டில் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனதில் கொஞ்சமாவது திரும்பி வருகிறதே என்று அழுகை வந்துவிட்டது. மூட்டைகளைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

லாரியைப் பற்றிக் கேட்டாய். பொள்ளாச்சிச் சித்தப்பா வீட்டு வாசலில் கார் நின்றிருந்தால் லாரியைக் கூப்பிட்டிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கூப்பிட்டிருக்க மாட்டேன். அடுப்படி வரை வயரை இழுத்துப் போட்டுவிட்டு, சோறு தின்றுவிட்டுத் தூங்கியிருப்பேன். இதற்கு மேல் என்ன எழுத? அத்தை காருக்குள் உட்கார்ந்தபடியே, "அந்த ஊட்டுல ராத்திரி தங்கறதா?" என்றாள். அவள் கேட்டாள் என்பது சாக்கு. அவள் கேட்காவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். உன் மாமனார் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. நான் அவரை மாமா என்று கூப்பிட வேண்டியவன். "இல்லீங்க" என்றதோடு சரி.

அவரிடம் இதை நீ படித்துக் காட்டினாலும் சரி, காட்டாவிட்டாலும் சரி.

ஒன்பதாம் மாதம் பிறக்கப் போகிறது. தீபாவளிக்குப் பிறகு பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாக அம்மா சொன்னாள். நல்ல டாக்சி ஒன்று பேசி வைத்திருக்கிறேன், பெரிய வண்டி, நிதானமான டிரைவர். நான் வரவில்லை. அம்மா வருவாள். என் முகத்தைப் பார்க்காமலே நீ வந்து சேரலாம்.

மோகனண்ணன்

*

ஏலப்பாறை
11 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

டாக்சி வேண்டாம். அம்மாவை மட்டும் அனுப்பி என்னைக் கூட்டிக்கொள்வதாக இருந்தால் நான் வரவில்லை. சிவப்பிரகாஷ் கட்டப்பனையில் அறை பார்த்து வைத்திருக்கிறார், அங்கேயே பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் வந்தால்தான் வருவேன். அந்தக் காரில்தான் வருவேன்.

கடிதத்தை மாமனாரிடம் நான் படித்துக் காட்டவில்லை. கையில் கொடுத்துவிட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து மெதுவாகப் படித்தார். உங்கள் கையெழுத்து அவருக்கும் புரியவில்லை, இரண்டு இடத்தில் கேட்டார். மூட்டைக்குப் பெல்ட் போட்டதைப் படித்து, "கிறுக்குப் பய" என்று சொல்லிக்கொண்டார். முடிந்ததும் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போய்விட்டார். கோபமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

மறுநாள் காலையில் எலக்ட்ரீசியன் டிஜோ வந்து நின்றார். வாசல் சுவரில் பெரிய பிளக் பாயிண்ட் ஒன்று, மேலே மழைக்கு ஒரு தகரம், முற்றத்து ஓரத்தில் எர்த்துக்குக் குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டாயிற்று. மீட்டரிலிருந்து தனி வயர். மாமனார் பக்கத்திலேயே நின்று, "காரு எம்புட்டு இழுக்கும்? விடிய விடிய போட்டாலும் சூடாகாதுல்லா?" என்று டிஜோவைக் கேட்டுக் கேட்டு அவர் வேலையைக் கெடுத்தார். கடைசியில் கிரைண்டரைத் தூக்கி வந்து அதில் மாட்டி ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் அவருக்கு நிம்மதி.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். அந்தப் பிளக்கில் சாயங்காலம் மாட்டினால் மறுநாள் வெயில் ஏறும் வரை ஆகும். முழுதாக நிரப்ப வேண்டாம். நிறைந்த பேட்டரியோடு இறங்கினால் இறக்கத்தில் வருகிற சார்ஜுக்கு உள்ளே இடம் இருக்காது, கார் தானாகப் பிடித்து இறங்காது, பிரேக் சூடாகிவிடும். கொஞ்சம் காலி வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். தொடுபுழாவில் நிறுத்தி மறுபடி போட்டுக்கொள்ளலாம். நான் காலை நீட்டிக்கொள்ள எப்படியும் நிறுத்தத்தான் வேண்டும்.

ஆனால் இது எல்லாம் நீங்கள் ஒரு ராத்திரி இங்கே தங்கினால்தான் நடக்கும். வரும் வழியில் வாகமண்ணில் இப்போது சார்ஜ் போடும் இடம் வந்துவிட்டது. அங்கே நிரப்பிக்கொண்டு, இங்கே வந்து அரை மணி நேரம் வாசலில் நின்று, என்னை ஏற்றிக்கொண்டு இறங்கிவிடவும் உங்களால் முடியும். எனக்கு அது தெரியும், மாமனாருக்கும் தெரியும். பிளக் போட்ட அன்றைக்கு டிஜோவே அவரிடம் சொல்லிவிட்டார். அவர், "அது அவங்க சௌரியம்" என்றார்.

அதனால் தங்குங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை.

செல்வி

*

கொழிஞ்சாம்பாறை
14 அக்டோபர் 2025

அன்புள்ள அம்மிணிக்கு,

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்புகிறேன். அம்மாவும் நஞ்சப்ப மாமாவும் வருகிறார்கள். அத்தையையும் கூப்பிட்டேன். வழியில் நிறுத்துவேன், ராத்திரி அங்கேதான் தங்குவேன், சம்மதமென்றால் வா என்றேன். வரவில்லை என்றுவிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள், நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

அம்மா மறுபடியும் ஐந்து வகைச் சோறு கட்டுகிறாள். முகூர்த்தம் எதுவும் பார்க்கவில்லை. உன் மாமனார் அன்றைக்குக் கூப்பிட்டிருந்த எல்லோரையும் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிடச் சொல்லு. பந்தியில் நான் பரிமாற மாட்டேன், உட்காருவேன்.

தொடுபுழாவில் எத்தனை வண்டி முன்னால் நின்றாலும் வரிசையில் நிற்பேன். மலை ஏறுகிற அளவுக்கு மட்டும், கணக்குப் பார்த்துப் போட்டுக்கொள்கிறேன். நெல்லியாம்பதிக்கு இன்னும் இரண்டு தடவை போய்வந்தேன், இப்போது எனக்குக் கணக்கு வரும், நடுவழியில் நிற்காது. வாகமண்ணில் நிறுத்த மாட்டேன்.

மாமாவிடம் சொல்லிவிடு. கார் அவர் வாசலுக்குக் காலியாகத்தான் வந்து சேரும்.

உன் அண்ணன்
மோகனசுந்தரம்